புதன்கிழமை மீன்

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் வெள்ளைக்கார டாக்டர் மிஸ்ஸியம்மாவின் ஊரிலிருந்து ஒரு தாள் வரும். அவளை இங்கே அனுப்பிவைத்த சபையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக அச்சடித்த தாள். 'நம் மிஸ்ஸியம்மாவைப் பற்றிச் சில வேடிக்கையான விஷயங்கள்' என்று மேலே போட்டிருக்குமாம். கீழே வரிசையாகக் கேள்விகள். பிடித்த நிறம் எது, எந்தப் பிராணியைக் கண்டால் பயம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள், பிடித்த சாப்பாடு என்ன. அவள் அதை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் தமிழில் படிப்பாள். தன்னைப் பற்றித் தான் சொன்னால் போதாது, கூட இருக்கிறவள் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

"எனக்கு ஓய்வு நேரம் உண்டா, தனம்?" என்று கேட்பாள். பல்லியைப் பார்த்து ஸ்டூல்மேல் ஏறி நிற்கிற நேரம்தான் உங்களுக்கு ஓய்வு என்பேன். சிரித்துக்கொண்டே அதையே எழுதிவிடுவாள்.

பிடித்த சாப்பாடு என்ற இடத்தை மட்டும் காலியாக விடுவாள். நான் அவளோடு இருந்த பதினோரு வருஷமும் அப்படித்தான் விட்டாள். அந்தக் காலி இடத்துக்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில், கடற்கரைக்குப் போகும் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம்தான் எங்கள் ஆஸ்பத்திரி. அவள் வைத்தியம் பார்ப்பாள், பிரசவம் பார்ப்பாள். நான் ஆயா, அவளுக்குச் சமையலும் நான்தான். அவள் ஆளுக்கு மீறிய உயரம். நிலைப்படியில் தலை இடிக்காத நாள் கிடையாது. நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். இடித்தவுடன் நிலைப்படியைப் பார்த்து "மன்னிக்கவும்" என்பாள். மூன்று வருஷம் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவள். அவர் கற்றுக்கொடுத்தது வேதப்புத்தகத்துத் தமிழ். காசிமேட்டுப் பெண்கள் கற்றுக்கொடுத்தது வேறு தமிழ். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, "சகோதரியே, உமக்கு இன்னா நோவு?" என்று கேட்பாள். வந்தவள் நோவை மறந்து சிரித்துவிடுவாள். பாதி வியாதி அங்கேயே போய்விடும்.

பிரசவம் சிக்கலாகிவிட்டால் விசிலடிப்பாள். பல்லிடுக்கில் காற்று விட்டு, மெதுவாக, ராகம் இல்லாமல். பொம்பளை விசிலடிப்பதா என்று முதலில் முகம் சுளித்தவர்கள், பிறகு அந்த விசிலை வைத்தே உள்ளே நிலவரம் எப்படி என்று தெரிந்துகொண்டார்கள். விசில் கேட்டதும் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிடத் தொடங்குவார்கள். பிறந்த குழந்தைக்கு அவளே பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொடுப்பாள். மே மாச வெயிலிலும் கொடுப்பாள். தாய்மார்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் அதற்குள் வெற்றிலை பாக்கு போட்டு வைத்துக்கொள்வார்கள். அவளுக்கும் அது தெரியும். நிறம் பிடிக்கவில்லையோ என்று மட்டும் கேட்பாள்.

இதெல்லாம் வேடிக்கை. அவளிடம் வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

வராது என்றால் அடியோடு வராது. புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து "எப்டிம்மா கீது?" என்று கேட்டவளிடம், உனக்கு இந்த நிறம் சரியில்லை என்பாள். குழந்தை பிழைக்குமா என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளிடம், தெரியாது என்பாள். பிழைக்காது என்று பட்டால் அதையும் சொல்வாள். சொல்லிவிட்டுப் போக மாட்டாள். கடைசிவரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, உங்களுக்குப் பயமில்லையா என்று தெருவில் கேட்டார்கள். "பயமாக இருக்கிறது, ஆனால் இரண்டு பேருக்கு இந்த வாரம் பிரசவம்" என்றாளாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தெருவில் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபிறகு கடிதம் நின்றுபோனது. கையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஆயா வேலைக்கு வந்தது அதனால்தான். அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் சிலர் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். எல்லாரும் வருவார், வராமல் எங்கே போவார் என்றார்கள். மாமியார் சொன்னாள், அண்டை அயல் சொன்னது, ஜோசியக்காரன் மாசமே குறித்துக் கொடுத்தான். மூன்று வருஷம் ஆனது. ஒருநாள் பஞ்சு சுருட்டிக்கொண்டே அவளிடம் கேட்டேன், வருவாரா என்று.

அவள் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "வரமாட்டார் என்று நினைக்கிறேன், தனம்" என்றாள்.

ஒரு மாசம் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். ஆனால் மூன்று வருஷமாக வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. அழுது முடித்தபிறகு ஜோசியக்காரன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவள் சொன்னால் அது அப்படித்தான் என்று எனக்கு ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவள் தன் ஆயுளில் ஒரே ஒரு பொய் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். காத்திவாக்கத்திலிருந்து தேசப்பன் என்று ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கட்டுமரத்துக்காரன். அவன் பெண்சாதி அஞ்சலை இரண்டு நாளாக வலியில் கிடக்கிறாள் என்றான். நாங்கள் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, சுடுமணலில் நடந்து போனோம். அன்று மத்தியானம் முழுக்க அவள் விசிலடித்தாள். பொழுது சாயும் நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். குழந்தைக்கு 'மிஸ்ஸி' என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் குப்பத்தில் அந்தப் பெயரில் அது மூன்றாவது குழந்தை.

அடுத்த புதன்கிழமை தேசப்பன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். ரயிலுக்குக் கொடுக்க ஏது? நடந்தே வந்திருக்கிறான். தோளில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. பனையோலைக் கூடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன்.

"எம்மா, இத்தப் பாரு. நா கடலுக்குப் போற வரிக்கும் பொதன்கெயம மொத வலைல வியற மீனு உன்க்குத்தான். ஆத்தாகிட்ட வேண்டிக்கினு வந்துகீறேன். வேற யாரும் வாய்ல வெக்கக் கூடாது. உன் வவுத்துக்குத்தான் போவணும், ஆமா. மீனு துன்னுவ இல்ல?"

அவன் பேசிய வேகத்துக்கு முன்ஷி தமிழ் எட்டவில்லை. கடைசிக் கேள்வி மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. அவள் பிறந்த ஊரிலிருந்து கடல் எத்தனையோ நாள் பயணம். அப்பாவுக்கு மாட்டுப்பண்ணை. மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து ராயபுரத்தில் போட்டிருந்தார்கள். யூகலிப்டஸ் தைலம் நனைத்த கைக்குட்டை இல்லாமல் அவள் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை.

அவனைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். "ரொம்பப் பிடிக்கும்" என்றாள். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனது.

அவன் போனபிறகு, வேறு என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நன்றாகச் சாப்பிடச் சொன்னார் என்றேன். அவள் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் பொய் சொல்லிவிட்டேன், தனம். இந்த மீன் வீணாகக் கூடாது. நீ எடுத்துக்கொண்டு போ" என்றாள்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். இது வேண்டுதல் மீன், வேறு வாய் தொடக்கூடாது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை. என் வீட்டில் மூன்று நாளாகக் கஞ்சிதான். பெரியவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்காருவான். நான் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மாங்காய் போட்டு வைத்த குழம்பின் வாசனை இப்போதும் எனக்கு வரும். வேறு வாய் என்று தேசப்பன் சொன்னது எங்கள் மூன்று வாயைத்தான்.

அதன்பிறகு புதன் தவறாமல் மீன் வந்தது. கிடைத்ததைப் பொறுத்து வஞ்சிரம், கொடுவா, சில நாள் நாலு மடவை. அவனும் விட மாட்டான், போன வாரத்து மீன் எப்படி இருந்தது என்று கேட்பான். இரண்டாவது பொய் அவளுக்கு வரவில்லை. "ஒரு முள்கூட மிஞ்சவில்லை" என்பாள். அது நிஜம், என் பிள்ளைகள் மிச்சம் வைக்கிற ரகம் இல்லை. "குழம்பின் வாசனையைத் தெருவில் எல்லோரும் புகழ்ந்தார்கள்" என்பாள். அதுவும் நிஜம். அவன் அந்தப் பக்கம் போனதும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். காத்திவாக்கம் முழுக்க, மிஸ்ஸியம்மாவுக்கு மீன் என்றால் உயிர் என்று பேச்சு.

அந்தத் தாளில் ஏன் ஒரு இடத்தைக் காலியாக விடுகிறீர்கள் என்று ஒரு வருஷம் கேட்டேன். "மீன் என்று எழுதினால் குழந்தைகளிடம் பொய். வேறு எதையாவது எழுதினால் தேசப்பனிடம் பொய்" என்றாள். எவ்வளவு கிறுக்கு இது என்று நினைத்துக்கொண்டேன். தேசப்பன் எங்கே, அந்தத் தாள் போகிற ஊர் எங்கே.

மிஸ்ஸிக்கு ஐந்து வயது இருக்கும்போது, வாடைக்காற்று வீசும் மாசத்தில், தேசப்பனும் அவன் கூட்டாளியும் போன கட்டுமரம் கவிழ்ந்தது. கூட்டாளி நீந்திக் கரையேறிவிட்டான். தேசப்பன் வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

சேதி வந்த அன்று அவள் உடனே கிளம்பிப் போனாள். நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன். கடலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. ஐந்து வருஷம் அந்த மீனைத் தின்றவள் நான்.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை அஞ்சலை வந்து நின்றாள். அதே பனையோலைக் கூடை. உள்ளே இறால். கழிமுகச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவிப் பிடித்தது. விரலெல்லாம் கிழிந்து தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. இனிமேல் வேண்டாம் அம்மா என்று மிஸ்ஸியம்மா எவ்வளவோ சொன்னாள்.

"அவுரு போய்ட்டாருன்னா வேண்டுதலும் பூட்ச்சா?" என்றாள் அஞ்சலை. "எம் பொண்ணு உசுரோட கீதே. அது கீற வரிக்கும் இது உன்க்குத்தான்."

அந்த இறாலையும் நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் தின்றார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அதனால் நான் நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமும் எடுத்துப்போனேன்.

கோடையில் காத்திவாக்கத்தில் பேதி பரவியது என்று மருந்து கொடுக்கப் போனோம். அங்கேதான் மிஸ்ஸியைப் பார்த்தோம். தலைமுடி செம்பட்டையாகிப் போயிருந்தது. கால் வீங்கி, வயிறு உப்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதற்கு, கஞ்சித்தண்ணி என்றாள் அஞ்சலை. பிடிக்கிற இறாலில் நல்லதெல்லாம் புதன்கிழமைக் கூடைக்கு, மீதியை விற்று நொய்யரிசி வாங்க. மிஸ்ஸியம்மா கண்ணும் என் கண்ணும் சந்தித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நானும் மிஸ்ஸியம்மாவும் ரயிலில் திரும்பினோம். ஆஸ்பத்திரிக்கு வந்து கதவைத் திறந்ததும், அடுத்த புதன்கிழமை அஞ்சலையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். எனக்கு மீன் ஆகாது, முதல் நாளே பொய் சொன்னேன், இனிமேல் கொண்டுவராதே என்று.

அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்து, தேசப்பன் அன்றைக்கு முழுக்க என்ன சொன்னான் என்பதைச் சொன்னேன். வேண்டுதல் மீன் வேறு வாய்க்குப் போனால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். தெரிந்தேதான் எடுத்துப்போனேன் என்பதையும் சொன்னேன். நீங்கள் உண்மையைச் சொன்னால், தன் புருஷனைக் கடல் கொண்டுபோனது இதனால்தான் என்று அஞ்சலை முடிவு கட்டிவிடுவாள், அதற்கப்புறம் அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்றேன்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வந்து எனக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்துக்கு அது சுலபமில்லை.

"நீ சாப்பிட்டதால் தேசப்பன் சாகவில்லை, தனம்" என்றாள். "காற்று அடித்தது. மரம் கவிழ்ந்தது. அவ்வளவுதான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். என் புருஷன் வரமாட்டான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். ஆறுதலுக்காக அவள் எதையும் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அத்தனை மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த இடத்திலேயே இறங்கியது. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன்.

அழுது ஓய்ந்தபிறகு அவள் கேட்டாள்: "நான் இதையே அஞ்சலையிடமும் சொன்னால் அவள் நம்ப மாட்டாளா?"

"நம்ப மாட்டா மிஸ்ஸியம்மா" என்றேன். "நீங்க பொய் சொன்னவங்கன்னு தெரிஞ்சப்புறம், நீங்க சொல்ற எத நம்புவா?"

அந்த வாரம் முழுக்க அவள் நிலைப்படியில் இடித்துக்கொண்டபோதுகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமையே ஒரு பையில் அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை காலை, அஞ்சலை கூடையோடு கிளம்புவதற்கு முன்பே நாங்கள் காத்திவாக்கத்தில் இருந்தோம். அவள் அஞ்சலையிடம், தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசில்லை, இனிமேல் புதன்கிழமை இங்கேதான் சாப்பாடு, நீ சமைக்க வேண்டும், நீயும் மிஸ்ஸியும் என்னோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றாள். வேண்டுதல் மீனாயிற்றே, வேறு வாய் தொடலாமா என்று அஞ்சலை தயங்கினாள். "எனக்கு வந்த மீன். நான் கொடுக்கும் விருந்து. யாருக்குப் பரிமாறுவது என்று நான்தான் சொல்வேன்" என்றாள். அஞ்சலை யோசித்துப் பார்த்தாள். வேண்டுதல் ஏற்றவள் வாயால் சொல்லிக் கொடுத்தால் அது பிரசாதம் மாதிரிதான் என்று அவளுக்கே தோன்றியது. அடுப்பைப் பற்றவைத்தாள்.

இலையில் சோறும் இறால் குழம்பும் வந்தது. முதல் உருண்டையை அவள் வாயில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லாமல் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. "காரமா கீதாம்மா?" என்று அஞ்சலை பதறினாள். "ஆமாம், காரம்" என்றாள் அவள். அது நிஜம். இரண்டாவது இறாலை எடுத்து மிஸ்ஸியின் இலையில் வைத்தாள், மூன்றாவதைத் தான் தின்றாள். இலையை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை முகம் மாறவில்லை.

திரும்பும் வழியில், குப்பம் கண்ணுக்கு மறைந்ததும், ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். அந்த வீக்கம் என் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. வாய் கொப்பளித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமேல் அது பொய் இல்லை" என்றாள்.

அப்படியே அவள் ஐந்து வருஷத்துக்கு மேல் புதன்தோறும் காத்திவாக்கத்துக்குப் போய்வந்தாள். மழை, வெயில் பார்க்கவில்லை. மிஸ்ஸிக்கு முடி கறுத்தது, கால் வற்றியது, பள்ளிக்கூடம் போனாள். என் வீட்டில் புதன்கிழமைக் குழம்பு நின்றுபோனது. முதல் சில மாசம் எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பிறகு பெரியவன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான், சோற்றுக்குக் குறை இல்லை. பனைமரத்தடியில் அவள் நிற்பது மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு ஒரு நாள் அந்த மரத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். நான் அதைக் கவனித்தேன். எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் அவளுக்கே உடம்பு கெட்டது. கண் மஞ்சளாகி, ஆள் பாதியானாள். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதத்துக்குமேல் கடிதம் வந்தது. திரும்பி வருவீர்களா என்று ஆஸ்பத்திரி வாசலில் கூடியவர்கள் கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வருவேன் என்று சொல்லியிருப்பார்கள். அவள் வரமாட்டேன் என்று நினைக்கிறேன் என்றாள். கூட்டம் மொத்தமும் அழுதது.

துறைமுகத்துக்கு அஞ்சலையும் மிஸ்ஸியும் வந்திருந்தார்கள். வழியில் சாப்பிட என்று பெரிய பொட்டலமாகக் கருவாடு கொண்டுவந்திருந்தாள் அஞ்சலை. அத்தனை வெள்ளைக்காரர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். மிஸ்ஸியம்மா அதைப் பெட்டியில் வைக்காமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே போய்க் கப்பலின் வாசலில் தலை இடித்துக்கொண்டாள். வாசலைப் பார்த்து அவள் வாய் அசைந்தது கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அவள் இடத்துக்கு வந்த சின்னப் பெண் அதை எனக்குப் படித்துச் சொன்னாள். வலி அதிகம் இல்லாமல் போனாளாம். கடைசி நாட்களில் விசிலடித்துக்கொண்டிருந்தாளாம், ஏன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லையாம். எனக்கு விளங்கியது. அவள் பயந்திருக்கிறாள். நெற்றியைத் தாங்க நான் பக்கத்தில் இல்லை.

காத்திவாக்கத்துக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அஞ்சலை ஒப்பாரி வைக்கவில்லை. புதன்கிழமை வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை போனேன். குடிசையை மெழுகி, சுவரோரம் தலைவாழை இலை போட்டிருந்தாள். படையல். போன உயிருக்கு என்னவெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து வைக்கிற வழக்கம். வஞ்சிரக் குழம்பு, வறுத்த கொடுவா, இறால் தொக்கு, கருவாடு. மிஸ்ஸியம்மா கொடுத்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, பாக்குக்கறையோடு, இலைக்குப் பக்கத்தில் இருந்தது. மிஸ்ஸி பாவாடையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். அஞ்சலை இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மீனு வெச்சிட்டேன். வேற இன்னா புடிக்கும் அவங்களுக்கு? நீதான கூடவே இருந்த. சொல்லு, அதையும் வெச்சிடலாம்."

சொல்ல வாயைத் திறந்தேன்.

பல்லிக்குப் பயப்படுவாள், தெரியும். எப்போது விசிலடிப்பாள், தெரியும். நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்பாள், தெரியும். அந்தத் தாளில் இருக்கிற எல்லாக் கேள்விக்கும் அவளுக்குப் பதிலாக நானே பதில் எழுதுவேன். ஆனால் அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் அவளுக்குச் சோறு போட்டேன். நான் எதை வைத்தாலும் ஒரே மாதிரி சாப்பிட்டு எழுந்துபோவாள். அவள் மீனை ஐந்து வருஷம் தின்றவள் நான். ஏன் காலியாக விடுகிறாள் என்று கேட்கத் தெரிந்த எனக்கு, சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும், என்னிடமாவது சொல்லுங்கள் என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாள். நானும் அதை ஒரு நாளாவது சமைத்துப் போட்டிருப்பேன்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி கரண்டியோடு நின்றாள்.

"மீனுதான்" என்றேன். "மீனத் தவிர வேற எதுவும் புடிக்காது."

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். மிஸ்ஸி இலையில் இன்னொரு துண்டு வைத்தாள்.

நான் சொன்னது பொய்யா நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய ஒரே ஆளுக்குத்தான் அன்றைக்கு இலை போட்டிருந்தோம்.